எண்ணிக்கை சரி, தோட்டா சரியா? பணித் தோட்டா பரிசோதனை – கேள்வி பதில்

காவல்துறையில் ஆர்மரராக (ஆயுதங்களைப் பராமரிப்பவராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் கொடுக்கப்படும் தோட்டாக்களைச் சோதிப்பது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எங்கள் துறையில் தோட்டாவுக்குக் கணக்கு உண்டு, கையெழுத்து உண்டு, ஒன்று குறைந்தால் விசாரணையும் உண்டு. அது வெடிக்குமா என்று பார்க்கும் பழக்கம்தான் குறைவு. அந்தக் கவலையில்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஆயுதப்படைக் காவலர், திருநெல்வேலி): ஐயா, பாரா (காவல் முறை) மாறும்போது ரவுண்டுகளை (தோட்டாக்களை) எண்ணி வாங்குகிறோம், எண்ணிக் கொடுக்கிறோம். அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது தம்பி. முதலில் துப்பாக்கியைக் காலி செய்து தள்ளி வைத்துவிடுங்கள். மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) இருக்கும் எல்லா ரவுண்டையும் வெளியே எடுத்து, வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணி மேல் பரப்புங்கள். மேகசினுக்குள் இருப்பதை மேலிருந்து பார்த்து எண்ணினால், மேலே உள்ள ஒன்றைத்தான் உண்மையில் பார்க்கிறீர்கள்.

முதலில் அடிப்பக்கம். நடுவில் இருக்கும் கேப் (அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி), கேஸின் (பித்தளைக் கூட்டின்) அடியோடு சமமாகவோ ஒரு மயிரிழை உள்ளே தள்ளியோ இருக்க வேண்டும். கண்ணை விடக் கட்டைவிரல் நன்றாகச் சொல்லும். விரலால் தடவும்போது மேடு தட்டினால் அந்த ரவுண்டைத் தனியே வையுங்கள். மேடாக நிற்கும் கேப்பில் துப்பாக்கியின் ஊசியான ஃபயரிங் பின் அடிக்கும்போது, அந்த அடியின் வேகம் கேப்பை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடும், வெடிமருந்து தீப்பற்றாது. சில சமயம் கேப் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ பொருத்தப்பட்டிருக்கும். அபூர்வம்தான், ஆனால் தொழிற்சாலைச் சோதனையைத் தாண்டியும் அப்படி வருவது உண்டு.

அடுத்தது கேஸ். வாய்ப்பகுதியில் வெடிப்பு, உடம்பில் நசுங்கல், பச்சைப் பூச்சு இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். பிறகு குண்டு, அதாவது கேஸின் வாயில் செருகியிருக்கும், சுட்டால் பறந்து போகும் முனை. இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள், அசையக்கூடாது. கடைசியாக எல்லா ரவுண்டையும் ஒரு கண்ணாடித் தட்டின் மேல் வரிசையாக நிற்க வைத்து, பார்வையை அவற்றின் உயரத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். வெர்னியர் அளவுகோல் இருந்தால் அளக்கலாம். 9 எம்.எம். தோட்டாவின் மொத்த நீளம் 29.69 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆனால் ஒரே தொகுதியாகத் தயாரான, அதாவது அதே லாட்டைச் சேர்ந்த மற்றவற்றை விடக் குட்டையாக இருப்பதுதான் எனக்குப் பெரிய எச்சரிக்கை. ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி (தனிப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் எஸ்.ஐ., சென்னை): தினமும் காலையில் பிஸ்டலை லோடு செய்து, இரவு அன்லோடு செய்கிறேன். அதே பத்துப் பதிமூன்று ரவுண்டுதான் பல மாதமாக என்னோடு சுற்றுகிறது. பரவாயில்லையா சார்?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் அம்மா. நீங்கள் ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பாகத்தை) இழுத்து விடும்போது மேலே இருக்கும் ரவுண்டின் மூக்கு ஃபீட் ராம்ப் என்ற சரிவில் மோதித்தான் சேம்பருக்குள் (தோட்டா வெடிக்கும் அறைக்குள்) போகிறது. இரவில் அதை வெளியே எடுத்து மறுபடி மேகசினின் உச்சியிலேயே வைத்தால், மறுநாளும் அடி வாங்குவது அதே ரவுண்டு. இப்படியே போனால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸுக்குள் இறங்கும். உள்ளே மருந்துக்கு இருக்கும் இடம் சுருங்கும். சுடும்போது அழுத்தம் எகிறும். 9 எம்.எம். கேஸ் ஏற்கனவே சின்னது, அதனால் இம்மி இறங்கினாலும் வித்தியாசம் பெரிது. சேம்பரில் கேஸ் கிழிந்து, துப்பாக்கியும் கையும் சேதமாகலாம்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்கே தெரியாதது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் க்வினெட் கவுண்டி காவல்துறையில் 2011ஆம் ஆண்டு ஒரு அதிகாரியின் துப்பாக்கி தேவையான நேரத்தில் வெடிக்கவில்லை. அந்த ரவுண்டைத் தயாரிப்பாளருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். பல தடவை சேம்பரில் ஏற்றி இறக்கியதில் கேப்புக்குள் இருந்த பற்றுமருந்து பெயர்ந்து போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ரவுண்டு. பின் சரியாக அடித்திருக்கிறது, ஆனால் பற்ற வைக்க அங்கே மருந்து இல்லை.

அதனால் சேம்பரிலிருந்து எடுத்த ரவுண்டை மேலே வைக்காதீர்கள். மேகசினைக் காலி செய்து அதை அடியில் போட்டு மற்றவற்றை மேலே ஏற்றுங்கள். சில தடவை ஏறி இறங்கியதைப் பயிற்சிக்கு என்று ஒதுக்கிவிட்டு, பெல் ஆஃப் ஆர்ம்ஸில் (ஆயுதக் கிடங்கில்) மாற்றிக் கேளுங்கள். இன்னொன்று: மேகசின் இல்லாமல் ரவுண்டைக் கையால் நேரே சேம்பரில் போட்டு ஸ்லைடை அடிக்க விடாதீர்கள். கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி உடைவது பெரும்பாலும் அப்படித்தான்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தருமபுரி): பீகாரில் அரசு மரியாதையின்போது துப்பாக்கிகள் வெடிக்காமல் போனதாகச் செய்தி படித்தேன். அப்படி எல்லாமே ஒன்றாகக் கெடுமா?

2019 ஆகஸ்டில், முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில் நடந்தது அது. சுபால் மாவட்டத்தில், முதல்வர் நிதிஷ் குமார் நின்றிருக்கும்போதே, வரிசையில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட ரைஃபிள்களில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

ஒரு ரைஃபிள் வெடிக்காவிட்டால் ரைஃபிளைச் சந்தேகிக்கலாம். வரிசையே மௌனமாக நின்றால் பார்வை தோட்டா மேல்தான் போக வேண்டும். மரியாதைக்குச் சுடுவது குண்டில்லாத வெற்றுத் தோட்டா. அதன் வாயை மடித்து மூடியிருப்பார்கள். குண்டு இறுக்கி உட்கார்ந்திருக்கும் தோட்டாவை விட இதில் ஈரம் எளிதாக ஏறும். ஒரே பெட்டியில், ஒரே மூலையில், பல மழைக்காலம் கிடந்தால் எல்லாம் சேர்ந்துதான் கெடும். முந்தின நாள் அந்தப் பெட்டியிலிருந்து நாலு ரவுண்டை எடுத்துச் சுட்டுப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அன்று போனது மானம் மட்டும்தான். அதே கிடங்கின் குண்டுத் தோட்டாவும் அதே நிலையில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி (பயிற்சிக் காவலர்): ஃபயரிங் ரேஞ்சில் ட்ரிகரை அழுத்தினேன், 'டிக்' என்று மட்டும் கேட்டது. உடனே எடுத்துப் பார்க்கலாமா?

கூடாது தம்பி. பேரல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். குறைந்தது 30 விநாடி அப்படியே பிடித்திருங்கள். கேப் மெதுவாகப் பற்றி, தாமதமாக வெடிக்கும் ரவுண்டுகள் உண்டு. நீங்கள் கையில் எடுத்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கும்போது அது வெடிக்கக் கூடாது. பிறகு கையை உயர்த்திப் பயிற்சியாளரைக் கூப்பிட்டு, அவர் சொல்கிறபடி வெளியே எடுங்கள்.

எடுத்ததைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் செய்தி இருக்கிறது. கேப்பில் விழுந்த தழும்பைப் பாருங்கள். ஆழமாக, நடுவில், உருண்டையாக விழுந்திருந்தால் துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது, குறை தோட்டாவில். ஊசி முனை தொட்ட மாதிரி மேலோட்டமாக இருந்தால் ஃபயரிங் பின்னை அடிக்கும் ஹேமரின் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஃபயரிங் பின் துளையில் அழுக்கும் கெட்டிப்பட்ட கிரீசும் அடைத்திருக்கும். நம் 9 எம்.எம். ஆட்டோ பிஸ்டலும் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியும் ஒரே அளவுத் தோட்டாவைத்தான் சுடுகின்றன. ராணுவத் தரத்துக்குச் செய்த ரவுண்டின் கேப் கொஞ்சம் கெட்டி. கார்பைனில் வெடிக்கிற லாட், ஸ்ப்ரிங் தளர்ந்த பிஸ்டலில் 'டிக்' அடிப்பது இதனால்தான். தழும்பைப் பார்க்காமல் தோட்டாவைக் குறை சொல்லிவிட்டு, பழுதான பிஸ்டலையே திரும்ப இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

'டிக்'கை விட மோசமானது 'புஸ்'. சத்தம் சோர்வாகக் கேட்டு, உதைப்பே இல்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். கேப்பின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளி, அது பேரலுக்குள் பாதியில் சிக்கியிருக்கலாம். அடுத்த ரவுண்டைச் சுட்டால் பேரல் பிளக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, பேரல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும்.

இதெல்லாம் ரேஞ்சுக்கு. எதிரில் ஆள் துப்பாக்கியோடு நிற்கும்போது 30 விநாடி காத்திருக்க முடியாது. பிஸ்டலாக இருந்தால் மேகசினின் அடியில் தட்டி, ஸ்லைடை இழுத்து, அடுத்ததுக்குப் போக வேண்டும். ரிவால்வராக இருந்தால் மறுபடி ட்ரிகரை அழுத்தினால் அடுத்த அறை வந்துவிடும்.

கேள்வி: காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தால் உள்ளே மருந்து இருக்கிறதா என்று தெரியும் என்கிறார்களே?

தெரியாது. சில ரவுண்டில் மருந்து நிறைந்து சத்தமே வராது, சிலதில் இடமிருந்து சலசலக்கும். இரண்டும் நல்ல ரவுண்டாக இருக்கலாம். எடை போட்டாலும் நம்ப முடியாது. 9 எம்.எம்.மில் மருந்து அரை கிராம்கூட இருக்காது, கேஸுக்குக் கேஸ் வரும் எடை வித்தியாசம் குறையை மறைத்துவிடும். சந்தேகமான லாட் என்றால் மாதிரி எடுத்துச் சுட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

கேள்வி (ஓய்வு பெற்ற தலைமைக் காவலர், தஞ்சாவூர்): நாங்கள் பெல்ட் லூப்பில் இருக்கும் ரிவால்வர் ரவுண்டுகளை அணிவகுப்புக்கு முன்னால் பிராசோ பாலிஷ் போட்டுப் பளபளவென்று தேய்ப்போம். இப்போது செய்யக்கூடாது என்கிறார்களாம். உண்மையா?

உண்மைதான் அண்ணே. தோலைப் பதப்படுத்திய ரசாயனம் பித்தளையோடு சேர்ந்துதான் அந்தப் பச்சைக் களிம்பு வருகிறது. தோல் லூப்பில் நிரந்தரமாகத் தோட்டாவை வைக்கவே கூடாது. பச்சை பிடித்த ரவுண்டு ரிவால்வரின் அறையில் பாதியில் சிக்கி நிற்கும்.

பாலிஷ் அதைவிடக் கெடுதல். பித்தளைக்கு அம்மோனியா ஆகாது, பல பாலிஷ்களில் அது இருக்கிறது. இதற்கு நம் மண்ணிலேயே ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்த தோட்டாக்களின் கேஸ் தானாகவே வெடிப்பு விட்டது. யார் தொட்டதும் இல்லை, அடித்ததும் இல்லை. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், கேஸை இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிப்போன இறுக்கமும், மழைக்கால ஈரமும் சேர்ந்ததால் வந்த வினை அது. 1921இல்தான் காரணத்தை ஆராய்ந்து தெளிவாக விளக்கினார்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பித்தளை மங்கலாக, பழுப்பாக இருப்பது குறையே இல்லை.

கேள்வி: துப்பாக்கிக்கு எண்ணெய் போடும்போது ரவுண்டுக்கும் லேசாகத் தடவலாமா?

வேண்டாம். துருவை இளக்கும் ஊடுருவு எண்ணெய் கேப்பின் ஓரமாக இறங்கிப் பற்றுமருந்தை நனைத்துவிடும். கேப்பைச் சுற்றி வார்னிஷ் பூசியிருந்தாலும் அதை நம்பாதீர்கள். சேம்பரையும் உலரத் துடைத்துவிட்டுத்தான் லோடு செய்ய வேண்டும்.

கேள்வி (ஊர்க்காவல் படை, கடலூர்): 303 ரைஃபிளில் அடிக்கடி ரவுண்டு சிக்குகிறது. தோட்டா பழசு என்பதாலா?

பெரும்பாலும் அடுக்கிய விதம்தான். 303 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் ரவுண்டின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் சேர்ந்து வந்து இறுகிவிடும். லோடு செய்தபின் ஒரு தடவை விரலால் அழுத்திப் பாருங்கள். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தோடு இந்த ரைஃபிளுக்கு விடை கொடுத்துவிட்டது. கையில் இருக்கிறவரை ஒழுங்காக அடுக்கத்தான் வேண்டும்.

கேள்வி (நிலைய எழுத்தர்): தோட்டா எந்த வருஷத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழசு என்று எழுதினால் எங்கள் மேலேயே கேள்வி வருமே?

கேஸின் அடியில் பொறித்திருக்கும். கே.எஃப். என்றால் புனே அருகே கட்கி தொழிற்சாலை, ஓ.எஃப்.வி. என்றால் வரண்காவ். பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கம் வருஷம். பெட்டியில் லாட் எண் இருக்கும். ரவுண்டைக் கொட்டி எடுத்துக்கொண்டு பெட்டியை எறிந்துவிட்டால் லாட் எண்ணும் போய்விடும். பிறகு ஒன்று கெட்டால் அதன் கூடப்பிறந்தவை எந்த நிலையத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ரிஜிஸ்டரில் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே லாட் எண்ணையும் எழுதுங்கள்.

வருஷத்தை விடச் சூடும் ஈரமும்தான் தோட்டாவைத் தின்னும். உலர்ந்த, குளிர்ந்த கிடங்கில் மூடி வைத்தது பல பத்தாண்டு நிற்கும். கத்திரி வெயிலில் ஜீப்பின் பெட்டிக்குள் கிடந்தது சீக்கிரமே நம்பிக்கை இழக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் இங்கே வந்தவற்றில் எனக்கு முக்கியமானது. சந்தேகமான ரவுண்டைத் திருப்பினால் 'ஏன் கெட்டது, யார் கெடுத்தது' என்று விளக்கம் கேட்பார்களோ என்ற பயத்தில், அதையே அடுத்த பாராவுக்குக் கை மாற்றிவிடுகிறார்கள். கணக்கு நேர். கையில் இருப்பது வெடிக்காத தோட்டா. மேலதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் கேட்டுக்கொள்கிறேன்: குறையுள்ள ரவுண்டைக் கண்டுபிடித்துத் தருகிறவரை விசாரிக்காதீர்கள், பாராட்டி அனுப்புங்கள். வருடாந்திர துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்குப் புது ரவுண்டை எடுத்துக் கொடுக்காமல், பணியில் இருந்த பழையதைச் சுட வைத்து, புதியதைப் பணிக்குக் கொடுங்கள். செலவு அதேதான். பழையது எப்படி வெடிக்கிறது என்ற சோதனையும் அதிலேயே முடிந்துவிடும்.

கேள்வி (இல்லத்தரசி, காரைக்குடி): மாமனாரின் பழைய பெட்டியில் ஏழெட்டுத் தோட்டா கிடைத்தது. குப்பையில் போடலாமா?

வேண்டாம் அம்மா. குப்பையை எரிப்பார்கள், அப்போது வெடிக்கும். தட்டவோ, பிரிக்கவோ, தண்ணீரில் போடவோ வேண்டாம். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். பெட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் மூடி வைத்துவிட்டு, உங்கள் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, எங்கே எப்படிக் கிடைத்தது என்று சொல்லுங்கள். வந்து எடுத்துக்கொள்வார்கள். ஒப்படைத்ததற்கு ஒரு ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.