எடோ கிரிகோ: இரவல் கலையா? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானியக் கைவினைகள் பற்றிய உங்கள் குறிப்பில் எடோ கிரிகோ என்ற, கோடுகள் வெட்டிய கண்ணாடிச் சாகே (அரிசி மது) கிண்ணங்களை மனம்விட்டுப் புகழ்ந்திருந்தீர்கள். யோக்கோஹாமாவில் வேலை பார்க்கும் என் தம்பி போன மாதம் வந்தபோது அப்படி ஒரு நீலக் கிண்ணம் கொண்டுவந்தான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடியைச் சக்கரத்தில் வைத்துப் பட்டை தீட்டுவது பொஹிமியாவிலும் இங்கிலாந்திலும் எப்போதோ உச்சத்தைத் தொட்ட வேலை. அங்கிருந்து கற்றுக்கொண்டதை ஜப்பானின் பாரம்பரியக் கலை என்று சொல்வது சரியா? விலையும் கொஞ்சநஞ்சமில்லை. இதே மாதிரி பூப்போட்ட கிண்ணம் இங்கே பாத்திரக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்புறம் ஒரு சின்னக் கேள்வி. எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. இதை ஷோகேஸில் வைப்பதைத் தவிர வேறு என்ன செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வெளியிலிருந்து வந்தது உண்மைதான், அங்கே யாரும் அதை மறைப்பதும் இல்லை. 1834-இல் எடோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், ககாயா கியூபே என்ற கண்ணாடி வியாபாரி எமரி என்ற கடினக் கல்லின் தூளைக் கொண்டு கண்ணாடியின் மேல் கோடு செதுக்கியதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். பிறகு 1881-இல் மெய்ஜி அரசின் ஷினகாவா கண்ணாடித் தொழிற்சாலைக்கு எமானுவேல் ஹாப்ட்மன் என்ற பிரிட்டிஷ் நிபுணர் வந்து, பத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர்களுக்குச் சக்கரத்தில் வெட்டும் முறையைக் கற்றுக்கொடுத்தார். எடோ கிரிகோவின் வரலாற்றை எங்கே எடுத்துப் பார்த்தாலும் இந்தப் பெயர் வரும். குருவின் பெயரை மறக்காமல் சொல்கிற கலையை இரவல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கற்றுக்கொண்ட சக்கரத்தில் அவர்கள் எதை வெட்டினார்கள் என்று பாருங்கள். மூங்கில் கூடையின் பின்னல் கண், அது ககோமே. மூங்கில் வேலி, அது யாராய். கிமோனோத் துணியில் வரும் சணல் இலை வடிவம் அசனோஹா. ஒன்றோடொன்று கோத்த வட்டங்கள் ஷிப்போ, மீன் முட்டைகள் நெருக்கமாகக் கிடப்பதுபோல நானாகோ. எல்லாமே துணியிலும் கூடையிலும் வேலியிலும் அந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்த்துப் பழகியவை. உங்கள் கிண்ணத்தின் பக்கவாட்டில் பொடிப்பொடியாகச் சிறு பூக்கள் விடாமல் தொடர்ந்தால் அது கிகுட்சுனாகி, சாமந்திச் சங்கிலி. சாமந்தி அங்கே நீண்ட ஆயுளுக்கு அடையாளம்.

அந்தச் சாமந்தியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் விலைக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. நேராகவும் குறுக்காகவும் சாய்வாகவும் நெருக்கமாக ஓடும் மெல்லிய கோடுகள் ஒரே புள்ளியில் சந்தித்தால்தான் பூ விழும். ஆனால் அந்தக் கோடுகளைக் கண்ணாடியில் யாரும் முன்கூட்டி வரைந்து வைப்பதில்லை. குறியிடுவது பெரிய கட்டங்களை மட்டும், புள்ளி வைத்த கோலத்தில் புள்ளி மட்டும் இருக்கிற மாதிரி. மிச்சமெல்லாம் கண்ணும் கையும்தான். சக்கரத்தின் விளிம்பு 'வி' வடிவத்தில் கூராக இருக்கும். அதனால் கொஞ்சம் அழுத்திவிட்டால் கோடு ஆழமாவது மட்டுமில்லை, அகலமாகவும் ஆகிவிடும், பக்கத்துப் பூவைத் தின்றுவிடும். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேலை செய்பவர் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைச் சுழலும் சக்கரத்தின் மேல் வைத்து, மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்க, கிண்ணத்தின் உள்ளே பார்த்தபடி வெட்டுகிறார். சக்கரம் எங்கே தொடுகிறது என்பது கண்ணாடி வழியாகத்தான் தெரியும். கறுப்புக் கண்ணாடி என்றால் அதுவும் தெரியாது, வெளிச்சமே ஊடுருவாது, விரலுக்குத் தெரிகிற அதிர்வையும் காதில் விழும் சத்தத்தையும் வைத்து வெட்ட வேண்டும். கறுப்பு எடோ கிரிகோவின் விலையைப் பார்த்துத் திகைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

நீங்கள் சொல்லும் சில நூறு ரூபாய்க் கிண்ணம் பெரும்பாலும் அச்சில் ஊற்றி அழுத்தியது. அதன் பூவைத் தடவினால் விளிம்புகள் வழுவழுவென்று உருண்டிருக்கும். உங்கள் தம்பி கொண்டுவந்ததைத் தடவிப் பாருங்கள், ஒவ்வொரு கோட்டின் ஓரமும் விரலுக்குத் தனியாகத் தெரியும். (அமிலத்தில் முக்கி ஒரே வீச்சில் பளபளப்பாக்கும் முறையும் உண்டு, அதில் ஓரம் சற்று மழுங்கும். மரச் சக்கரத்தில் மெருகுப் பசை தடவிக் கோடுகோடாக மெருகேற்றியதில்தான் இந்தக் கூர்மை முழுசாக நிற்கும்.) ஓரத்தின் கூர்மையில்தான் ஒளி உடைகிறது, அந்தப் பளீரென்ற மினுக்கம் அங்கிருந்து வருவது.

தெற்கே சட்சுமாவில் (இன்றைய காகோஷிமா பகுதி) இதே கலைக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ககாயாவிடம் தொழில் கற்ற யோட்சுமோட்டோ கமேஜிரோ அங்கே அழைக்கப்பட்டார். ஆட்சித் தலைவர் ஷிமாசு நரியாகிரா பணத்தைக் கொட்டி வளர்த்தார். தடிமனான வண்ண அடுக்கைச் சாய்வாக வெட்டி, நிறம் அடர்த்தியிலிருந்து மெல்லக் கரைந்து தெளிவாகும்படி செய்தார்கள். அற்புதமான வேலை. 1858-இல் நரியாகிரா இறந்தார், 1863-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் காகோஷிமாவைச் சுட்டதில் தொழிற்கூடம் அழிந்தது, கொஞ்ச காலத்தில் கலையே நின்றுபோனது. மறுபடி உயிர்பெற்றது 1985-இல். எடோவில் இதற்குப் புரவலர் கிடையாது. கடைக்காரர்களும் பட்டறைகளும் வாங்குகிற சாதாரண மக்களும்தான், அதனால்தான் அது அறுபடாமல் வந்தது என்பது என் முடிவு. தொடக்கத்தில் நிறமற்ற கண்ணாடியில் செய்தார்கள், நீலமும் சிவப்பும் பிறகு சேர்ந்தன. 2002-இல் ஜப்பான் அரசு இதைத் தேசியப் பாரம்பரியக் கைவினையாக அறிவித்தது. எடோ கிரிகோ செய்பவர்களின் சங்கம் ஒன்றை அந்தப் பெயரால் அழைக்க நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: கண்ணாடியாக இருக்க வேண்டும், கையால் செய்ய வேண்டும், முக்கியமாகச் சுழலும் கருவியால் வெட்ட வேண்டும், தோக்கியோவின் கோத்தோ வட்டாரத்தை மையமாகக் கொண்ட குறிப்பிட்ட பகுதியில் செய்ய வேண்டும். இன்ன வடிவம்தான் போட வேண்டும் என்று அதில் இல்லை. பாரம்பரியம் என்றால் நான் மதிப்பது இப்படி வாசலைத் திறந்து வைத்திருப்பதைத்தான்.

சரி, வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். ஷோகேஸில் வைக்காதீர்கள். இது கையில் பிடிப்பதற்கென்றே செய்தது. வெட்டெல்லாம் வெளிப்பக்கம், உதடு படும் விளிம்பு வழவழப்பாகத்தான் இருக்கும். குளிர்ந்த சாகே தெளிவாக இருக்கும் என்பதால்தான் அதற்கு இந்தக் கிண்ணம், நிறமில்லாத எந்தப் பானமும் அதே வேலையைச் செய்யும். குளிர்ந்த தண்ணீரை ஊற்றி மேலிருந்து பாருங்கள், அடியில் வெட்டிய பூ இருந்தால் அது பக்கவாட்டுப் பட்டைகளில் எல்லாம் சின்னச் சின்னதாகத் தெரியும், கிண்ணத்தைத் திருப்பத் திருப்ப எல்லாம் நகரும். சூடாக மட்டும் எதையும் ஊற்ற வேண்டாம். வெட்டிய இடத்தில் கண்ணாடி மெலிந்தும் மற்ற இடத்தில் தடித்தும் இருப்பதால் சூட்டில் சீராக விரியாது, விரிசல் விட்டுவிடும். கழுவும் இயந்திரத்திலும் போட வேண்டாம். மெல்லிய ஸ்பாஞ்சில் கையால் கழுவி, உடனே துணியால் துடைத்துவிடுங்கள், கோடுகளுக்குள் உப்புக்கறை படிந்தால் எடுப்பது கஷ்டம்.