கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் இரண்டு இரவு: பெற்றோரோடு கூடாரம் போடலாமா?

கேள்வி: அட்லாண்டாவில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அக்டோபரில் டென்னசியின் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவிலுள்ள கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் தங்க ஆசை. பழைய வீடுகளை எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? கரடி நடமாடும் இடத்தில் சமைப்பது சரியா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் எல்லா வீடுகளையும் பார்த்தே தீருவது என்று மட்டும் கிளம்பாதீர்கள். பள்ளத்தாக்கைச் சுற்றும் சாலை 11 மைல்தான், ஒருவழிப் பாதை. இலை நிறம் மாறும் அக்டோபரில், அதுவும் சனி ஞாயிறில், வண்டிகள் ஊர்ந்துதான் போகும். சாலையோரம் ஒரு கரடி தென்பட்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும். வாகனமில்லா புதன்கிழமைகள் மே முதல் செப்டம்பர் வரைதான்; உங்களுக்கு அது கிடைக்காது. அதனால்தான் முகாமிலேயே தங்கச் சொல்கிறேன். சூரியன் உதிக்கும்போது கேட் திறப்பார்கள், வெளியூர் வண்டிகள் வருவதற்குள் நீங்கள் உள்ளே போய்விடலாம்.

முதலில் வருவது ஜான் ஆலிவர் வீடு. செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலமாக இருந்த இங்கே 1818இல் வந்து குடியேறியவர் அவர். மறு ஆண்டே ஓர் உடன்படிக்கையால் செரோக்கிகள் இந்த நிலத்தை இழந்தார்கள். கோடரியால் செதுக்கிய மரங்களை அடுக்கி, இடுக்குகளில் மண் பூசிய வீடு அது. சாலையிலிருந்து சிறிது தூரம் நடக்க வேண்டும், அப்பா அம்மாவால் முடியும். அவர் மகன் எலைஜா ஆலிவர் வீட்டுக்கு இன்னும் அதிகமாக நடக்க வேண்டும். முழங்கால் வலி இருந்தால் விட்டுவிடுங்கள்.

பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் தேவாலயத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இந்தச் சபையார் பெரும்பாலும் வட மாநிலங்களின் பக்கம் நின்றவர்கள். 1864இல் இறந்த ரஸ்ஸல் கிரெகரி என்ற ஊர்க்காரரின் கல்லறைக் கல்லில், வட கரோலினா கலகக்காரர்களால் (அதாவது தெற்குத் தரப்பினரால்) கொல்லப்பட்டவர் என்றே பொறித்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். 1930களில் தேசியப் பூங்காவுக்காக இந்த ஊர்க்காரர்கள் நிலத்தை விட்டுப் போக நேர்ந்ததையும் சொல்லுங்கள். ஆலிவர் வம்சத்தில் ஒருவர் அதை எதிர்த்து நீதிமன்றத்தில் நெடுநாள் போராடினார். இது தெரியாமல் பார்த்தால் எல்லாம் வெறும் மரவீடுகள்தான்.

அதிக நேரத்தைக் கேபிள் என்ற குடும்பத்தின் பழைய ஆலைக்கு ஒதுக்குங்கள். வாகனம் நிறுத்த இடம், கழிப்பறை, சமதரை எல்லாம் உண்டு. நீர்ச்சக்கரத்தில் ஓடும் மாவு ஆலை பக்கத்திலேயே, அறுத்த பலகையில் 1879இல் கட்டிய வீடு நிற்கிறது. ஆலிவரின் மரவீட்டோடு ஒப்பிட்டால் அரை நூற்றாண்டில் வாழ்க்கை எவ்வளவு மாறியது என்று குழந்தைகளுக்கே புரியும். நடுவில் ஏதாவது விட்டுப்போனால் ஸ்பார்க்ஸ் லேன், ஹயட் லேன் என்ற இரண்டு குறுக்குச் சாலைகளிலும் திரும்பி வரலாம்.

சமையலைத் தாராளமாகச் செய்யுங்கள், சாம்பார் வைத்தாலும் தப்பில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்த கையோடு அடுப்பு, பாத்திரம், மிச்சச் சோறு, ஐஸ் பெட்டி அத்தனையும் காருக்குள் போய்க் கண்ணாடி ஏற்றிப் பூட்டியாக வேண்டும். கூடாரத்துக்குள் பிஸ்கட்டோ பற்பசையோ கூட வேண்டாம். மனிதர் உணவுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்லவும் நேரிடலாம். கரடியைக் கண்டால் 50 கெஜத்துக்குள் நெருங்காதீர்கள், சட்டமும் அதுதான்.

இரவில் குளிர் பள்ளத்தாக்கில் வந்து தங்கும், சில நாள் உறைநிலையைத் தொடும். பெரியவர்களுக்குக் கனமான தூக்கப் பையும் தரையில் போட மெத்தையும் அவசியம். குளியலறையோ மின் இணைப்போ கிடையாது. வெளியிலிருந்து சாதாரண விறகு கொண்டுபோகக் கூடாது, மரத்தைத் தின்னும் பூச்சி அதோடு வரும். வெப்பத்தில் பதப்படுத்திச் சான்று பெற்ற கட்டாக வாங்குங்கள்.

முகாம் இடத்துக்கு 6 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும், அக்டோபர் வார இறுதி சீக்கிரம் தீரும். நுழைவுக் கட்டணம் இல்லை என்றாலும் 15 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்த வாகனச் சீட்டு வேண்டும். நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15. பூங்காவுக்குள் பெட்ரோல் கிடைக்காது, செல்பேசியையும் நம்ப முடியாது. பக்கத்து ஊரான டவுன்சென்டிலேயே டேங்கை நிரப்பி, வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.