மகளின் ஆய்வுக் கட்டுரைக்கு 150 டொலர் கட்டலாமா?

ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. கம்பஸில் இறுதியாண்டு படிக்கும் மகள், திருகோணமலையில் இருக்கிற கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் தண்ணீர் எடுத்து ஆய்வு செய்திருக்கிறார். அதை ஐந்தே நாளில் பிரசுரிப்பதாக ஒரு 'சர்வதேச' ஆய்விதழ் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் 150 டொலர் கட்டவேண்டுமாம், மனைவியின் சங்கிலியை அடகு வைக்கட்டுமா என்று கேட்கிறீர்கள். வைக்கவேண்டாம்.

நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை வாசித்தேன். முதல் வரியிலேயே உங்கள் மகளைப் பேராசிரியர் ஆக்கிவிட்டார்கள். பட்டமே இன்னும் கைக்கு வரவில்லை! மருத்துவம், பொறியியல், சட்டம், இலக்கியம் எல்லாம் அந்த ஒரே இதழில் வருமாம். ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள இலக்கம் இருக்கிறதே என்று மகள் சொல்கிறார். அது வாகன இலக்கத்தகடு மாதிரி. எந்த வண்டி என்று காட்டும், பிரேக் பிடிக்குமா என்று காட்டாது.

இது புதுச் சங்கதி இல்லை. 2013இல் ஜோன் பொஹனன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகள் வைத்து எழுதிய ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு, அதாவது யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய இதழ்களுக்கு, அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அந்த விவரம் 'சயன்ஸ்' இதழில் வந்தது.

அதற்காகப் பணம் கேட்கிற எல்லா இதழும் போலி என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வகையில் நல்ல இதழ்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் அவை முதலில் அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் கட்டுரையைக் கொடுத்துக் கருத்துக் கேட்கும். ஏற்றுக்கொண்ட பிறகே பெரும்பாலும் காசுப் பேச்சு வரும். வருமானம் குறைந்த நாட்டவர்களுக்குச் சில இதழ்கள் விலக்கும் தரும், கேட்டுப் பார்க்கவேண்டும். எழுதியவரிடம் ஒரு சதமும் வாங்காத இதழ்களும் நிறைய உண்டு.

எனக்குப் பயம் உங்கள் காசைவிட மகளின் தரவைப் பற்றித்தான். ஒருமுறை அங்கே பிரசுரமானால் அதே கட்டுரையை வேறு நல்ல இதழுக்குக் கொடுக்கமுடியாது. திருப்பி எடுக்கப் போனால் அதற்கும் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, மேற்பார்வையாளருக்கு இந்த விஷயம் தெரியுமா? உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவருடைய சம்மதம் இல்லாமல் அனுப்புவது பெரிய பிழை. கட்டுரையில் எழுதியவர்களின் பெயர்கள் எந்த ஒழுங்கில் வரவேண்டும் என்பதையும் அவரோடு இருந்து இப்போதே பேசி முடிக்கச் சொல்லுங்கள்.

பிறகு இதழைத் தேடலாம். நம் நாட்டு இதழ்கள் பல 'ஸ்ரீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தில் இருக்கின்றன. பேராதனையிலிருந்து வரும் 'சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ்' ஒரு உதாரணம். வெளிநாட்டு இதழ் என்றால் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலில் அதன் பெயர் உண்டா என்று மகளே இலவசமாகப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு இதழுக்கு மட்டும்தான் அனுப்பவேண்டும்.

பதில் வர மாதக்கணக்காகும். வரும்போது திருத்தங்களோடுதான் வரும். என்னுடைய முதல் கட்டுரைக்கு மூன்று பக்கத்தில் குறை எழுதி அனுப்பினார்கள். கோபத்தில் அதை லாச்சிக்குள் போட்டு நாலு மாதம் திறக்கவேயில்லை. மகள் அப்படிச் செய்யக்கூடாது. "கிணற்றடியில் சனம் குளிக்கமுன்னம் தண்ணீர் எடுத்தீர்களா, பின்னமா?" என்று கட்டுரையைப் பார்த்துக் கருத்துச் சொல்பவர்களில் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வாளியால் அள்ளி அள்ளி ஊற்றுகிற இடத்தில் சூடும் மாறும், கிருமியும் மாறும். கேள்வியை அப்படியே எழுதி, அதற்குக் கீழே "விடிய ஆறரைக்கு எடுத்தோம், 84ஆம் வரியில் சேர்த்திருக்கிறோம்" என்று பதில் எழுதவேண்டும். மாரியில் எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்றே ஒப்புக்கொள்ளட்டும்.

வேலை கிடைக்காதோ என்ற உங்கள் பதற்றம் விளங்குகிறது. வங்கி வேலைக்கோ பள்ளிக்கூட ஆசிரியர் வேலைக்கோ ஆய்வுக் கட்டுரை வந்ததா என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. மேற்படிப்புக்குப் போனால் உதவும். அங்கே இருப்பவர்களுக்கு எந்த இதழ் எப்படிப்பட்டது என்று தெரியும்.

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடவேண்டாம். வெள்ளி போனாலும் திரும்ப எழுதுவார்கள், அநேகமாக 75 டொலருக்கு இறங்கி.