ஹால்மார்க் இருந்தால் வைரமும் தரமானதா?

கேள்வி: மகளின் திருமணத்துக்காக ஏழு கல் வைரத் தோடு ஒரு ஜோடி வாங்கினோம். மொத்தம் 1.40 காரட், நிறம் ‘இ–எஃப்’, தெளிவு ‘வி.வி.எஸ்–வி.எஸ்’ என்று ஒரே அட்டையில் குறித்துத் தந்தார்கள். தோட்டில் ஹால்மார்க் முத்திரையும் இருக்கிறது. இது போதுமா?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: ஹால்மார்க் முத்திரையும் அதனுடன் உள்ள ஆறு இலக்க அடையாளக் குறியீடும் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டுமே உத்தரவாதம், கல்லைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. எனவே வைரத்துக்கு உங்களிடம் இருப்பது அந்த அட்டை மட்டும்தான். அதைக் கொடுத்தது கடையா, ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற தனி ஆய்வகமா என்று முதலில் பாருங்கள். விற்பவரே தரும் சான்றை நான் சான்றாகக் கருதுவதில்லை.

நிறம் ‘டி’ முதல் ‘இசட்’ வரை தரம் பிரிக்கப்படுகிறது. ‘டி’ என்றால் நிறமே இல்லாதது. ஆய்வகத்தில் கல்லைக் கவிழ்த்து வைத்து, நிறம் உறுதிசெய்யப்பட்ட மாதிரிக் கற்களுக்குப் பக்கத்தில், பக்கவாட்டிலிருந்து பார்ப்பார்கள். முகப்பில் பார்த்தால் ஒளியின் துள்ளலில் மறைந்துவிடும் இளமஞ்சள், அப்படிப் பார்க்கும்போது வெளிப்பட்டுவிடும். தோட்டில் கட்டிய கல்லை இப்படிக் கவிழ்த்துப் பார்க்க வழியில்லை. போதாக்குறைக்குச் சுற்றியுள்ள தங்கத்தின் மஞ்சளும் கல்லில் ஏறும். அதனால்தான் ஜி.ஐ.ஏ. நகையில் பதிக்காத வைரத்துக்கு மட்டுமே தர அறிக்கை தருகிறது. கட்டிய நகைக்கு அறிக்கை தரும் ஆய்வகங்கள் ‘இ–எஃப்’ என்பதுபோல ஒரு வரம்பைக் குறிப்பிடுகின்றன. ஆகவே உங்கள் அட்டையில் வரம்பு இருப்பதே குற்றமாகாது. தெளிவை, அதாவது கல்லில் உள்ள குறைகள் எவ்வளவு குறைவு என்பதை, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் பார்த்துத் தீர்மானிப்பார்கள். மேலான ‘வி.வி.எஸ்’ கல்லிலும் அதற்கடுத்த தரமான ‘வி.எஸ்’ கல்லிலும் உள்ள சிறு குறை வெறும் கண்ணுக்குத் தெரியாது.

எடையைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு காரட் 0.2 கிராம், அதாவது 100 சென்ட். தோட்டுக்கு ஏழு வீதம் பதினான்கு கற்கள் சேர்ந்து 1.40 காரட் என்றால், ஒரு கல் சராசரியாக 10 சென்ட்தான். அதே தரத்தில் 1.40 காரட் ஒற்றைக் கல்லின் விலை இதைவிடப் பல மடங்கு என்பதால், மொத்த எடையைச் சொல்லிப் பெரிய கல்லின் காரட் விலையைப் போட்டிருக்கிறார்களா என்று பில்லில் சரிபாருங்கள். பேச்சுவாக்கில், நீலச் சாயலுள்ள உயர்ந்த வைரம் என்ற பொருளில் ‘புளூ ஜாகர்’ என்று சொல்லியிருந்தால், தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த அந்த வணிகச் சொல், ஜி.ஐ.ஏ. தர வரிசையில் கிடையாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் வைரத்தைச் சோதிக்கும் டெஸ்டரைக் கல்லில் வைத்ததும் ‘பீப்’ ஒலி வந்தது. அப்படியானால் இயற்கை வைரம்தானே?
— வாசகர் ஒருவர், கோவை

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலான கடைகளில் உள்ள டெஸ்டர், கல் வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கடத்துகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமே என்பதால் அதற்கும் ஒலிக்கும். வைரம்போலத் தோன்றினாலும் வைரமே அல்லாத மாய்சனைட் என்ற கல்லுக்கும் ஒலித்துவிடும். இயற்கையா, வளர்த்ததா என்பதை ஆய்வகக் கருவிகள்தான் பிரித்துச் சொல்லும். அறிக்கை இருந்தால், கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணை லென்ஸில் காட்டச் சொல்லி, அது அறிக்கை எண்ணோடு பொருந்துகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பிறகு அதே எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் இட்டு, எடையும் அளவுகளும் ஒத்துப்போன பின்பு பணம் கொடுங்கள்.