ஆத்தோரப் புதரும் அழுக்குத் தண்ணியும்: நொய்யல் கரைக்காரங்க கேள்வி பதில்

சூலூர்: ஏனுங்கண்ணா, கரையில நாணலும் சம்பும் அடர்ந்தா சாயத்தண்ணி பரவறது கூடுமா, குறையுமா?

தண்ணியில கரைஞ்ச உப்பு வேற, மண்ணுல ஒட்டின உலோகம் வேறங்க.

கரைஞ்சதை முதல்ல பாப்போம். நடு ஆத்துல வினாடிக்கு 50 செ.மீ. ஓடற வெள்ளம் அடர்ந்த நாணலுக்குள்ள 5 செ.மீ.க்கு இறங்கிரும். வேகமும் மெதுவும் உரசற ஓரத்துல சுழி கிளம்பி, ஆத்து அழுக்கைப் புதருக்குள்ள தள்ளும், அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா வெளிய இழுக்கும். அதனால மேல ஒரு மடை அழுக்கு விட்டா, கீழூர்ல அழுக்கோட உச்ச அளவு தணியும், அது கடந்துபோற நேரம் வால் மாதிரி நீளும். காலையில கடந்துபோக வேண்டியது சாயங்காலம் வரைக்கும் கசியும். மொத்த உப்புல ஒரு கிலோகூடக் குறையாது.

மண்ணுல ஒட்டின குரோமியம், செம்பு, துத்தநாகம் கதை வேற. 0.02 மி.மீ. வண்டல் துகள் அசையாத தண்ணியில வினாடிக்கு ஏறக்குறைய 0.36 மி.மீ. இறங்கும். 30 செ.மீ. ஆழத்துக்கு 14 நிமிஷம். புதருக்குள்ள அதுக்கு 42 மீட்டர் போதும். வெட்டவெளி ஓட்டத்துல 420 மீட்டர் வேணும், அதுவும் சுழி தூக்கிவிடாம இருந்தாத்தான். புதருக்கடியில சேறு சேர்றது இதனாலதானுங்க.

திருப்பூர்: வெட்டிவேர் நட்டா டி.டி.எஸ்., அதான் தண்ணியில கரைஞ்ச மொத்த உப்பு, குறையுங்களா?

குறையாதுங்க. சாயக்கழிவுல இருக்கறது பெரும்பாலும் சோடியம், குளோரைடு, சல்பேட். செடி எடுத்துக்கறது துளிதான். அறுத்து அப்புறப்படுத்தாம விட்டா மக்கித் திரும்ப ஆத்துக்கே வரும். வெயில்ல இலை தண்ணியை ஆவியாக்கி உப்பைத் தேக்கவும் செய்யும். அறுத்த புல்லை மாட்டுக்குப் போட்டுராதீங்க.

காங்கேயம்: கோரை நட்டா உப்பு குறையுமுங்களா?

மேல திருப்பூருக்குச் சொன்னதுதானுங்க. குறையாது.

ஒரத்துப்பாளையம் பக்கம்: சீமைக்கருவேலத்தை ஜேசிபி வெச்சு வேரோட பறிச்சுட்டா வெள்ளம் விறுவிறுன்னு போயிருமுல்லீங்க?

போயிரும். சேறும் கூடவே போகும். சுத்திகரிக்காம விட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது 2011-ல. அதுக்கு முன்னாடி படிஞ்சது புதருக்கடியில கெடக்குதுங்க. பக்கெட் போட்டுக் கெளறினா அடுத்த வெள்ளத்துல அதுதான் கீழ்க்காரன் தோட்டத்துல ஏறும்.

நொய்யல் ஊர்க்காரர்: ஊரு முழுகினா சேத்தைப் பத்தி யாருங்கண்ணா கவலைப்படுவா? பாலத்துல கட்டை அடைச்சா எங்க வீட்டுக்குள்ளதான் தண்ணி வருது.

நீங்க கேக்கறது ஞாயந்தானுங்க. பாலம், தடுப்பணை, நடு ஓடை, இந்த மூணு இடத்துலயும் மரத்தை விட்டுவெக்கக் கூடாது. ரெண்டு கரை மேட்டுலயும் மொத்தமா வழிக்கறதைத்தான் வேண்டாங்கறேன்.

மார்கழி மழை ஓஞ்சு, தை மாசம் ஆரம்பிங்க. கீழ இருந்து மேல நோக்கிப் போங்க. மேல முதல்ல திறந்துவிட்டா கீழ அடைச்சிருக்கற இடத்துல வந்து குமியும். கருவேலத்தைத் தரையோட வெட்டினா தழைச்சிரும். தூரைச் சுத்திக் கடப்பாறையில தோண்டி, அரை அடிக்குக் கீழ அறுக்கோணும். அந்த வேரை மண்ணுல விட்டுருங்க, சேத்தைப் புடிச்சிருக்கும். கரையில ஒரு துண்டு நீளத்துக்கு வெட்டினா அடுத்த துண்டை விட்டுவெச்சு, வெட்டின இடத்துல நாணல் வேர் புடிச்ச பின்னாடி மிச்சத்துல கை வையுங்க. தென்மேற்கு மழைக்கு முன்னாடி வேர் ஓடியிருக்கோணும்.

ஒரத்துப்பாளையம் பக்கம்: ஆளுக்கூலி கட்டாதுங்களே?

மிஷின் வேணும்னா கரை மேல நிறுத்தி, அறுத்த மரத்தை இழுக்க மட்டும் வெச்சுக்கங்க. பக்கெட் மண்ணுல படக்கூடாது.

சிங்காநல்லூர்: குளத்து ஆகாயத்தாமரை தண்ணியைச் சுத்தம் பண்ணுதுன்னு விட்டுவெக்கலாங்களா?

உயிரோட இருக்கறப்ப உரச்சத்தை உறிஞ்சும். அழுகினா தண்ணியில ஆக்சிஜன் தீந்து, சேத்துல இரும்போட கட்டிக்கெடந்த பாஸ்பரஸும் உலோகமும் கரைஞ்சு வெளிய வரும். பழுக்கறதுக்கு முன்னாடி வாரி, தண்ணி வழிஞ்சு குளத்துக்கே திரும்பாத மேட்டுல காயப்போடுங்க. சோதிக்காம காய்கறிக்கு உரமாவோ மாட்டுக்குத் தீனியாவோ போடாதீங்க.

ஊத்துக்குளி: உப்புக் கரைச்சு ஊத்தி, உப்பு அளக்கற மீட்டரை வெச்சுத் தண்ணி எவ்வளவு நேரம் தங்குதுன்னு பாக்கலாங்களா?

மலையடிவார ஓடையில பாக்கலாம். உங்க பக்கத்துல ஏற்கெனவே உப்பு ஏறிக்கெடக்கறதால நீங்க ஊத்தினது தனியாத் தெரியாது. தண்ணி ஓட்டத்தைப் பின்தொடர ஊத்தற ரோடமின் டபிள்யூ.டி. சாயமும் அதை அளக்கற கருவியும் வேணும். ஃபுளோரசீன்ங்கற இன்னொரு சாயம் வெயில்ல சீக்கிரம் அழியும்.

கரூர்: ஆத்து மீனைத் திங்கலாங்களா?

அது மீன்வளத்துறைக்காரங்களைக் கேளுங்க.

பல்லடம்: வாழை நட்டா உப்பு…

குறையாதுங்க. வாழைதான் காஞ்சுபோகும்.