ஊரடங்கில் வங்கி: கேட்டவர்களுக்குப் பதில்

நான் இலங்கையின் கல்முனையில் வங்கி கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவன். 2020 மார்ச் 20 மாலை கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது வேலையில் இருந்தேன். அப்படி இன்னொரு நோய்க்காலம் வந்தால் வங்கி எப்படி இருக்கும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

களுவாஞ்சிக்குடித் தம்பி: கிளை பூட்டினாலும் ஏடிஎம் இருக்கிறதே, பிறகு ஏன் அதில் காசு இல்லாமல் போனது?

மெஷின் காசு அச்சடிப்பதில்லை, தம்பி. பெட்டியை நிரப்ப வாகனம் வேண்டும், காவலர் வேண்டும், சாவிக்குப் பொறுப்பான ஆட்கள் வேண்டும். அதில் ஒருவர் தனிமைப்படுத்தலில் மாட்டினால் போதும். ஊரடங்கு தளர்ந்த சில மணி நேரத்தில் ஊரே ஒன்றாக வந்து எடுத்ததும் சேர்ந்துகொண்டது.

திருக்கோவில் தங்கச்சி: அப்பாவின் போனில் வங்கி ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஓடிபி வரவே இல்லை. ஏன்?

ஓடிபி என்பது வங்கி போனுக்கு அனுப்பும் ஒருமுறை எண். கணக்கில் பதிந்திருக்கும் நம்பருக்குத்தான் அது போகும். அந்த சிம் இப்போது யாரிடம் இருக்கிறது? ஊரடங்கு நாட்களில் எனக்கு வந்த கோல்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியவைதான். ஒரு பெண்பிள்ளை, கணவர் கத்தாரில். அந்தப் பிள்ளையின் கணக்கில் இருந்தது கணவருடைய பழைய நம்பர், அது செத்து இரண்டு வருடம். சம்பளக் காசு கணக்குக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, வீட்டில் அரிசிக்குக் கடன். நம்பரை மாற்றக் கையெழுத்து வேண்டும், கையெழுத்துக்குக் கிளைக்கு வர வேண்டும், வர அனுமதி இல்லை. மூன்று நிமிட வேலைக்கு மூன்று கிழமை காத்திருந்தார். ஆபத்து நேரத்தில் ஆப் உதவியது ஏற்கெனவே பதிந்து வைத்தவர்களுக்கு மட்டும்தான். அப்பாவை இந்தக் கிழமையே அடையாள அட்டையோடு கூட்டிப் போங்கள்.

காத்தான்குடி வியாபாரி: மற்ற வங்கிக்கு அனுப்பும் காசு சில நேரம் உடனே போகிறது, சில நேரம் இழுபடுகிறதே?

இரண்டு வழி இருக்கிறது, நானா. செஃப்ட்ஸ் என்றால் சில வினாடி. ஸ்லிப்ஸ் கட்டுக் கட்டாகச் சேர்த்து அனுப்புவது, அதனால் தாமதம். உடனே போக வேண்டுமென்றால் செஃப்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் கணக்கு எண்ணை இரண்டு தரம் பாருங்கள். தவறிப் போனதைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு.

பொத்துவில் ஓட்டோக்காரர்: 2020இல் கடன் தவணையைத் தள்ளிப்போடும் சலுகை என்றார்கள், என் கணக்கில் காசை வெட்டிவிட்டார்கள்.

அந்தக் கோபம் நியாயம். அரசு சலுகையை அறிவித்தது மார்ச்சில், ஆனால் தவணையை வெட்டும்படி முன்பே பதிந்த கட்டளை கணினியில் அப்படியே கிடந்தது. அறிவிப்பைக் கணினி வாசிக்காது, ஒவ்வொரு கணக்காக மனிதர்தான் மாற்ற வேண்டும். எங்களில் பாதிப்பேர் வீட்டில் இருந்தோம். இன்னொன்றையும் சொல்கிறேன்: தவணை தள்ளிப்போவதும் வட்டி நின்றுபோவதும் ஒன்றல்ல. அடுத்த முறை சலுகையில் சேர முன், கடைசியில் எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏறாவூர் டீச்சர்: கவுண்டரில் போட்ட பிளாஸ்டிக் மறைப்பு பயன்பட்டதா?

துப்பல் தெறிக்கவில்லை, சரி. ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் கத்தினோம். யாருக்கு எவ்வளவு அடகு என்பது வரிசை முழுவதற்கும் தெரிந்தது.

வாழைச்சேனை மகள்: அம்மாவிடம் ஏடிஎம் அட்டையும் இல்லை, ஸ்மார்ட் போனும் இல்லை. என்ன செய்வது?

அம்மாவுக்கு ஆப் பழக்க மெனக்கெட வேண்டாம். அட்டை ஒன்று எடுத்துக் கொடுங்கள், இரகசிய எண்ணை அவரே மனதில் வைத்திருக்கட்டும். நடமாடும் வங்கி வாகனம் வந்தாலும் அட்டையோ பாஸ்புத்தகமோ கையில் இருந்தால்தான் பிரயோசனம். அப்புறம், “வங்கியிலிருந்து பேசுகிறோம், ஓடிபியைச் சொல்லுங்கள்” என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். முப்பது வருடத்தில் நான் ஒருவரிடமும் அதைக் கேட்டதில்லை.