கதவுச் சத்தம்

அன்புள்ள ஐயா,

நான் வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவள். வயது 46. அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். ரயில்வே கேட் பக்கம் அவர் குரல் கேட்டாலே தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வேன். இன்று எனக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் இன்னமும் உடம்பு நடுங்குகிறது. இவற்றுக்குள் தொடர்பு இருக்குமா? "நம் தெருவில் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம்" என்கிறான் தம்பி.

கொருக்குப்பேட்டை வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இருக்கலாம். நீங்கள் கேட்டது மருத்துவர்களே கேட்ட கேள்வி.

அமெரிக்காவின் சான் டியகோவில் உடல் பருமனுக்குச் சிகிச்சை அளித்துவந்தார் வின்சென்ட் ஃபெலிட்டி. எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டார்கள். விசாரித்தபோது, பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தது. பிறகு அவரும் மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் ஆண்டாவும் 17,000-க்கும் மேற்பட்டோரிடம் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். 1998-இல் முதல் முடிவுகள் வெளியாயின. அடி, வசவு, வீட்டில் குடி, தாய் அடிபடுவது என நான்கு வகைத் துன்பங்களோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிட இதய நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. சர்க்கரை நோயும் கூடுதல். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் படித்த, நடுத்தர வர்க்கத்தினர். ஆகவே வடசென்னைக்காரர்களின் தலையில் இதையும் யாரும் கட்டிவிட வேண்டாம்.

அப்பாவின் குரல் கேட்டதும் உங்கள் உடலில் அட்ரினலின், கார்டிசால் என்ற அவசரகால ஹார்மோன்கள் சுரந்திருக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் ஏறும், ஓடுவதற்கான தெம்புக்காகச் சர்க்கரை ரத்தத்தில் கூடும். ஆபத்து நீங்கியதும் இவை அடங்கிவிட வேண்டும். இரவுதோறும் ஆபத்து வந்தால் வளரும் உடல் அடங்கப் பழகுவதில்லை. கதவுச் சத்தத்துக்கு நீங்கள் இன்று நடுங்குவது அந்தப் பழைய காவல்தான். அதைக் கோழைத்தனம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள்.

ஆனால் உங்கள் சர்க்கரைக்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரை, உணவு, உறக்கம் எல்லாம் சேர்ந்தே நோய் வருகிறது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் அந்த இரவுகளைப் பற்றியும் சொல்லுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகத் தயங்கினால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை. எல்லோரும் அப்படி வளர்ந்திருக்கலாம், அதனால் வலி குறைந்துவிடாது. இன்னொன்று, பயந்த குழந்தையை அணைத்துக்கொள்ள ஒருவர் இருந்தால் பாதிப்பு தணிகிறது என்கின்றன பிற ஆய்வுகள். கட்டிலுக்கடியில் அவனுக்கு நீங்கள் இருந்தீர்கள். உங்களுக்கு யார் இருந்தார்கள்? மருத்துவமனைக்குப் போகும்போது அவனையும் அழைத்துச் செல்லுங்கள்.